பட்டாசும் போகியும்: வாசலில் ஒரு வரவு செலவுக் கணக்கு

தீபாவளி என்றதும் புத்தாடை, பலகாரம், பட்டாசு மூன்றும் சேர்ந்தே நினைவுக்கு வரும். புத்தாடை கிழிந்தால் அடுத்த வருஷம் வேறு எடுத்துக்கொள்ளலாம். அதிரசம் பிய்ந்து போனால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்துவிடும். பட்டாசு மட்டும்தான் தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடம் தராது!

தெருவுக்கு ஒரு தாத்தா இருப்பார். எண்ணெய்க் குளியல் முடித்து, நெற்றி நிறைய திருநீறு பூசி, வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். காலடியில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். கையில் ஒரு நீளமான மூங்கில் குச்சி, அதன் நுனியில் கட்டிய ஊதுவத்தி. தெருப் பிள்ளைகளுக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சல்.

"தாத்தா, இன்னும் ஒண்ணே ஒண்ணு தாத்தா..."

"மொதல்ல எரிஞ்ச கம்பிய வாளியில போடுடா. அப்புறம் அடுத்தத எடு."

இப்படி ஒரு தாத்தாவின் கதைதான் இது. அவர் ஏன் வருஷா வருஷம் வாளியோடு உட்காருகிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்வார்.

பல வருஷங்களுக்கு முன் அவர் மகனுக்குப் பத்து வயது. பாட்டிலில் ராக்கெட்டைச் சொருகித் திரியைக் கொளுத்தினான் பையன். பாட்டில் சாய்ந்துவிட்டது. மேலே போக வேண்டிய ராக்கெட் எதிர்ச்சாரியில் இருந்த கீற்றுக் கொட்டகைக்குள் போய்ச் சொருகியது. அது இஸ்திரி போடும் அம்மாவின் வீடு. தெருவே கூடித் தண்ணீர் ஊற்றியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கூரை போயிற்று, தேய்க்கக் கொடுத்திருந்த ஊரார் துணி போயிற்று, டிரங்குப் பெட்டியின் மேல் வைத்திருந்த மகளின் பள்ளிச் சான்றிதழ்களும் போயின.

தாத்தா நல்லவர். கீற்றுக்குப் பணம் கொடுத்தார். துணிக்கும் கொடுத்தார். சான்றிதழுக்கு எவ்வளவு கொடுப்பது? நகல் வாங்க அந்த அம்மா வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மாதக்கணக்கில் அலைந்ததற்கு எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது? ராக்கெட் விட்ட பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பட்டாசு விஷயத்தில் அடிப்படைச் சிக்கல் இதுதான். கொளுத்துபவர் ஒருவர், விலை கொடுப்பவர் பெரும்பாலும் இன்னொருவர். அந்த இன்னொருவர் எதிர்வீட்டுக் கூரையாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ஆஸ்துமா பாட்டியாக இருக்கலாம், கட்டிலுக்கடியில் நடுங்கும் நாயாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், சட்டம் ஏன் வந்தது, வாளி ஏன் வேண்டும் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

வாங்கும்போதே தொடங்கும் பாதுகாப்பு

நம்மூரில் பல குடும்பங்கள் மாதாமாதம் தீபாவளிச் சீட்டு கட்டி, ஐப்பசியில் பட்டாசுப் பெட்டி வாங்குகின்றன. ஒரு வருஷம் கட்டிய பணம் என்பதால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றுவதில்லை. பார்க்க வேண்டும்.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. 2015-இல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய அப்பாக்கள் தொடுத்த வழக்கு அது. குறைந்த மாசு உண்டாக்கும் பசுமைப் பட்டாசுகளை மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம் என்றது நீதிமன்றம். பச்சை நிறத்துக்காகவும் எளிதில் எரிவதற்காகவும் சேர்க்கப்படும் பேரியம் உப்புக்குத் தடை. ஆயிரம், பத்தாயிரம் என்று கோத்துக் கட்டும் சரவெடிக்குத் தடை. இணையத்தில் பட்டாசு விற்கத் தடை. உரிமம் பெற்ற கடைகளில் மட்டுமே விற்பனை.

பசுமைப் பட்டாசு என்றால் பச்சை வண்ணப் பெட்டி என்று நினைத்துவிடக் கூடாது. மத்திய அரசின் நீரி ஆய்வு நிறுவனம் வகுத்த கலவையில் செய்யப்படுவது அது. பெட்டியில் அதன் முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்கும். அதுவும் புகையே இல்லாத பட்டாசு அல்ல, புகை குறைந்த பட்டாசு. நுண்துகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும் என்பதுதான் கணக்கு. மீதி 70 காற்றில்தான் கலக்கும்.

சிறுவர்களுக்கென்று வாங்கும் பாம்பு மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் கிடையாது, பொறி கிடையாது, அதனால் ஆபத்தில்லை என்று சின்னக் குழந்தை கையில் கொடுத்துவிடுகிறோம். புனேயில் உள்ள நெஞ்சக நோய் ஆய்வு மையம் 2016-இல் சில பட்டாசுகளின் புகையை அளந்து பார்த்தது. நுண்துகள்களை அதிகம் கக்கியதில் முதலிடம் இந்தப் பாம்பு மாத்திரைக்குத்தான்! குழந்தை அதைக் குனிந்து, முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அல்லவா பார்க்கிறது.

வாங்கிய பெட்டியை எப்படிக் கொண்டு போவது? வெளியூரில் இருக்கும் பேரனுக்கு ஒரு பெட்டி என்று ரயிலில் எடுத்துப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி இதற்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஓடும் ரயில் பெட்டியில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடமில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தத் தண்டனைகூடக் குறைவு எனலாம்.

வீட்டில் எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. விளக்கு எரியும் பூஜை அறையும் வேண்டாம், அடுப்புக்கு மேல் இருக்கும் பரணும் வேண்டாம். முதல் நாள் மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தால்தான் வெடி நன்றாக வெடிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வெடிமருந்தை வெயிலில் சூடேற்றுவது எந்த வகையில் நல்ல காரியம்? ஈரமில்லாத ஒரு அறையில், மூடிய அட்டைப் பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருந்தால் போதும்.

கடிகாரம் பார்த்து வெடிப்பது

தமிழ்நாட்டில் தீபாவளி விடியற்காலைப் பண்டிகை. வடக்கே ராத்திரிப் பண்டிகை. 2018 தீர்ப்பில் இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் என்று சொல்லப்பட்டதும் இங்கே குழப்பம் வந்தது. தமிழக அரசு மீண்டும் நீதிமன்றத்தை அணுகியது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் மாநிலமே நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று அக்டோபர் 30-ஆம் தேதி திருத்தம் வந்தது. அப்படிப் பிறந்ததுதான் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற நேரம். அதன் பின் வந்த தீபாவளிகளிலும் இதே நேரத்தைத்தான் அரசு அறிவித்து வந்திருக்கிறது.

"நாலு மணிக்குக் குளிச்சிட்டு ஆறு மணி வரைக்கும் என்ன பண்றது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெடி வெடிக்கக் கூடாது என்பது 2018-இல் முளைத்த விதி அல்ல. ஒலி மாசு வழக்கில் 2005 ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்பது 2000-ஆம் ஆண்டு விதி. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுப்பும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது அதற்கும் முந்தியது. சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நமக்குத்தான் வெடிச் சத்தத்தில் காதில் விழவில்லை.

மீறினால் என்ன ஆகும்? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அரசு உத்தரவை மீறுவதற்கு 223-ஆம் பிரிவு இருக்கிறது. வெடிபொருளை அலட்சியமாகக் கையாண்டு பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 288-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். நெருப்புக்குத் தனியாக 287-ஆம் பிரிவு உண்டு. தெருவில் ராக்கெட் விடும் எத்தனை அப்பாக்களுக்கு இது தெரியும்?

போலீஸ் வருமோ என்று பயந்து செய்வது ஒரு வகை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் இன்னொரு வகை. வெளியூரிலிருந்து வந்து கூடு கட்டி, குஞ்சு பொரிக்கும் பறவைகள் பயந்து போய்விடக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே அந்த ஊர் பல்லாண்டுகளாக விட்டுவிட்டது. அங்கே தீர்ப்பும் தேவைப்படவில்லை, காவலரும் தேவைப்படவில்லை. விலை கொடுக்கப் போகிற அந்த இன்னொருவரை அவர்கள் முதலிலேயே பார்த்துவிட்டார்கள்.

கொளுத்தும்போது

தாத்தாவின் முறைகளை வரிசையாக எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

உடை பருத்தியாக இருக்க வேண்டும். பட்டுப்பாவாடையும் பாலியஸ்டர் சட்டையும் படம் எடுத்துக்கொள்ள நன்றாக இருக்கும். பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புத்தாடையைப் போட்டுப் பெரியவர்கள் காலில் விழுந்துவிட்டு, வெடிக்கப் போகும்போது பழைய பருத்திச் சட்டைக்கு மாறிவிடுவதில் ஒரு குறையும் இல்லை. தொங்கும் தாவணி, துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொள்ள வேண்டும். காலில் செருப்பு கட்டாயம்.

கொளுத்துவதற்கு நீளமான குச்சி ஊதுவத்தி. தீப்பெட்டியும் லைட்டரும் கையையும் முகத்தையும் திரிக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடும். புஸ்வாணத்தின் மேல் குனிந்து பார்க்கவே கூடாது. பக்கவாட்டில் நின்று, கையை நீட்டிப் பற்றவைத்து, உடனே பின்னால் வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர், ஒரு வெடி.

கம்பி மத்தாப்பு பாப்பாவுக்கு என்று நினைக்கிறோம். எரியும் மத்தாப்பின் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். அணைந்த பிறகும் கம்பி கொதித்துக்கொண்டிருக்கும். கீழே எறிந்த கம்பியை வெறுங்காலில் மிதித்து அலறாத பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது? வாளித் தண்ணீரின் முதல் வேலை இந்தக் கம்பிகளை வாங்கிக்கொள்வதுதான்.

அணுகுண்டு மேல் கொட்டாங்கச்சி கவிழ்ப்பது, தகர டப்பாவுக்குள் லட்சுமி வெடி வைப்பது, இதெல்லாம் வீரம் அல்ல. அந்தத் தகரம் சில்லுச் சில்லாகப் பறக்கும்போது அது யார் கண்ணைத் தேடிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. கையில் வைத்துக் கொளுத்தி எறிவதும் அப்படியே. திரி எவ்வளவு வேகத்தில் எரியும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாதபோது எறிபவருக்கு எப்படித் தெரியும்?

வெடிக்காமல் போன வெடிதான் எல்லாவற்றையும்விட மோசமானது. "புஸ்" என்று போய்விட்டதே என்று கிட்டப் போய் ஊதிப் பார்ப்பது, மறுபடி பற்றவைப்பது வேண்டவே வேண்டாம். சற்றுப் பொறுத்து, தூர நின்று தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். மறுநாள் காலையில் தெருவெல்லாம் தேடி, வெடிக்காத வெடிகளைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவது பிள்ளைகளுக்குத் தனி விளையாட்டு. தீபாவளி முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. முதல் நாள் இரவே தெருவைப் பெருக்கி, குப்பையை நனைத்துவிட்டால் இந்த விளையாட்டுக்குச் சரக்கே கிடைக்காது.

இடமும் முக்கியம். வாசலில் நிறுத்திய பைக்கின் டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடமும் மாடிப்படியும் வெடிக்கும் இடங்கள் அல்ல. ராக்கெட்டுக்குத் திறந்த மைதானம் வேண்டும். இல்லையென்றால் ராக்கெட்டே வேண்டாம். பக்கத்தில் கீற்றுக் கொட்டகையோ வைக்கோல் போரோ இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

பட்டுவிட்டால்...

உடனே குழாய்த் தண்ணீர். 20 நிமிடம் விடாமல் காட்ட வேண்டும். ஐஸ் வேண்டாம். பற்பசை, மை, மஞ்சள், வெண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும், கிருமியைச் சேர்க்கும், மருத்துவர் காயத்தைப் பார்க்கவும் விடாது. வீங்கும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்ற வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்.

கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101. இந்த இரண்டு எண்களும் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

போகி நெருப்பு

தீபாவளி முடிந்து மூன்று மாதத்துக்குள் அடுத்த நெருப்பு வந்துவிடும். மார்கழியின் கடைசி நாள் விடியலில் பழையன கழித்தல். அந்தக் காலத்தில் பழையது என்றால் கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், பழைய ஓலை. எல்லாமே மண்ணில் விளைந்தவை, எரிந்தால் சாம்பலாகிறவை. இப்போது வீட்டில் பழையது என்றால் என்ன? பிளாஸ்டிக் நாற்காலி, ரெக்ஸின் பை, நைலான் பாய், சைக்கிள் டயர். சடங்கு அதே சடங்குதான். எரிகிற பொருள் மாறிவிட்டது. பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நச்சு வரும். டயர் எரிந்தால் கந்தக டையாக்சைடும் கரியும் வரும்.

மார்கழிக் காலையின் குளிரும் சேர்ந்துகொள்கிறது. தரையோரக் காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிட, மேலே இருக்கும் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே நிற்கும். 2018 ஜனவரி 13 போகியன்று புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் பல விமானங்கள் பாதிக்கப்பட்டன. விமானமே இறங்க முடியாத காற்றைத்தான் கைக்குழந்தையும் சுவாசித்தது.

சட்டம் இங்கேயும் இருக்கிறது. தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொல்லின. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தொகை குறித்தது. டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகிதோறும் கேட்டுக்கொள்கிறது. அண்மை ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி போகிக்கு முன்பே பழைய பொருட்களை வீடு தேடி வாங்கியும் கொள்கிறது.

சடங்கை விட மனமில்லையா? ஒரு துடைப்பம், ஒரு கிழிந்த பாய், நாலு வறட்டி போதும். கார்த்திகைக்குக் கோயில் முன் ஊருக்கு ஒரு சொக்கப்பனைதானே கொளுத்துகிறார்கள்? அதுபோலத் தெருவுக்கு ஒரு போகி வைத்துக்கொள்ளலாம். மின்கம்பிக்கும் கேபிளுக்கும் கீழே வேண்டாம். தீ பிடிக்கவில்லை என்று பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றவே வேண்டாம். நெருப்பு டின்னுக்குள்ளேயே திரும்பிப் பாயும். மேளம் அடித்து முடித்த கையோடு தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறிப் பார்த்து, கங்கு இல்லை என்று தெரிந்த பிறகுதான் குளிக்கப் போக வேண்டும்.

முடிவாக ஒரு கணக்கு

செலவுப் பக்கத்தில் என்னென்ன? ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு மூங்கில் குச்சி, ஒரு பாக்கெட் ஊதுவத்தி, விளையாடாமல் உட்கார்ந்திருக்க ஒரு பெரியவர். எல்லாம் சேர்ந்து ஒரு புஸ்வாணப் பெட்டி விலைகூட ஆகாது.

இதைச் செய்யாவிட்டால் வரும் செலவை யாராலும் முன்கூட்டி எழுத முடியாது. அது எந்தப் பக்கத்தில், யார் பேரில் பற்று எழுதப்படும் என்றும் தெரியாது. வருமுன் காக்காதவன் வாழ்க்கைக்கு நெருப்பின் முன் கிடக்கும் வைக்கோற்போரை உவமை சொன்னார் வள்ளுவர். தாத்தா பார்த்தது வைக்கோற்போரும் அல்ல, அடுத்தவர் கூரை.

ராக்கெட் விட்ட அந்தப் பையனுக்கு இப்போது நரை தட்டிவிட்டது. போன தீபாவளிக்குத் தாத்தாவுக்கு முட்டி வலி, வாசலுக்கு வர முடியவில்லை. காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தது. மகன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். பிறகு உள்ளே போய் இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"மாமா, இன்னைக்கு நீங்களா?" என்றது எதிர்வீட்டுப் பிள்ளை. இஸ்திரி அம்மாவின் பேத்தி அவள். வீடு இப்போது ஒட்டு வீடு.

"ஆமாம்மா. செருப்பு போட்டுட்டு வா, கொளுத்தலாம்" என்றார் அவர்.